கட்டில் சென்சார் எது வாங்கலாம்? முதல்ல ராத்திரி ரெண்டு மணிக்கு யாரு எழுந்திருப்பாங்கன்னு சொல்லுங்க

அப்பா கட்டிலோட நாலு காலுக்கும் அடியில சென்சார் வச்சிருக்கேன்னு ஒரு தடவ சும்மா சொல்லிவச்சேன், அதுலேர்ந்து கேள்வி வந்துகிட்டே இருக்கு. கோயம்புத்தூர்லேர்ந்து ஒரு அக்கா, அவங்க மாமியாருக்கு மறதி நோய், நடுராத்திரில எழுந்து வாசக்கதவு வரைக்கும் போயிடுறாங்களாம். துபாய்ல வேலை பாக்குற தம்பி ஒருத்தர், ஊர்ல அப்பா படுத்த படுக்கை, அம்மா தனியா பாத்துக்கிறாங்க, "இங்கேருந்தே போன்ல பாக்குற மாதிரி ஏதாவது இருக்கா"ங்கிறாரு. ஒருத்தருக்கு குறட்டை. இன்னொருத்தரோட அப்பாவுக்கு பார்க்கின்சன், ராத்திரி புரண்டு படுக்கவே முடியலன்னு டாக்டர்கிட்ட சொன்னா எத்தன தடவ புரளுறாருன்னு திருப்பிக் கேக்குறாராம். நாலு பேரும் கடைசில வந்து நிக்கிறது ஒரே எடத்துலதான், "எது பெஸ்ட், லிங்க் குடுங்க."

லிங்க் குடுக்க மாட்டேன். ஏன்னா இந்த நாலு பேருக்கும் ஒரே சாமான் சரிப்படாது, அதுல ஒருத்தருக்கு எதுவுமே வேணாம். நான் டாக்டர் இல்ல, திருச்சில உக்காந்து சால்டரிங் பண்ற ஆளு, பக்கவாதம் வந்து படுத்த அப்பாவ மூணு வருஷமா அம்மாவோட சேந்து பாத்துக்கிறவன், அவ்வளவுதான். அந்த மூணு வருஷத்துல காசு போன வழியெல்லாம் தெரியும், அத சொல்றேன்.

## முதல்ல எதெல்லாம் பாக்கணும்

கட்டில் சென்சார்னு ஒரே பேர்ல விக்கிறாங்களே தவிர உள்ள நாலு வேற கேள்வி இருக்கு. ஆளு கட்டில்ல இருக்காரா எழுந்துட்டாரா? அசையுறாரா? எந்தப் பக்கம் படுத்திருக்காரு, மல்லாக்கவா ஒருக்களிச்சா? உடம்புல எந்த எடம் அழுந்திகிட்டு இருக்கு? மொத கேள்விக்கு பதில் சொல்றது சுலபம், போகப் போக கஷ்டம், நாலாவதுக்கு வர்றப்ப விலை எங்கயோ போயிடும். கடைக்காரன் மொத ரெண்டுக்கு பதில் சொல்ற சாமான நாலுக்கும் சொல்லும்ங்கிற மாதிரி விப்பான், அங்கதான் எல்லாரும் மாட்டுறோம்.

அடுத்தது கட்டிலும் மெத்தையும். வெளிநாட்டு ரிவ்யூ எல்லாம் தனி ஆளு, தனி ரூம், நல்ல கனமான மெத்தைன்னு நெனச்சு எழுதினது. நம்ம வீட்டுல கயித்துக் கட்டில், நாடாக் கட்டில், இலவம்பஞ்சு மெத்தை, அதுக்கு மேல ரப்பர் ஷீட், பக்கத்துல பேரன், மேல ஃபேன், சுத்தி கொசுவலை. பாய்ல படுக்கிறவங்களுக்கு இதுல பாதி ஆப்ஷன் இப்பவே அவுட்.

மூணாவது கரன்ட், வைஃபை. ராத்திரி கரன்ட் போயி இன்வெர்ட்டர்ல ஃபேன் ஓடும், ஆனா ரவுட்டர் இன்வெர்ட்டர் லைன்ல இருக்காது, பல வீட்டுல அப்படித்தான். க்ளவுட, அதாவது இன்டர்நெட் வழியா கம்பெனியோட கம்ப்யூட்டர நம்பி ஓடுற சென்சார் எல்லாம் அந்த நேரத்துல வெறும் துணி.

நாலாவது தோல். அப்பாவுக்கும் மெத்தைக்கும் நடுவுல எத வச்சாலும் அது வேர்வையத் தேக்கும். படுக்கைப் புண்ணுக்கு அழுத்தம் மட்டும் காரணமில்ல, ஈரமும் உராய்வும் சேந்துதான் தோல உரிக்கும். மே மாசத்துல புண்ணு வராம பாக்குறேன்னு ஒரு பிளாஸ்டிக் விரிப்ப போட்டு அதனாலயே புண்ணு வந்தா என்ன சொல்றது.

அப்புறம் கம்பெனி எத்தன நாளைக்கு இருக்கும்ங்கிறது. பின்லாந்துல பெடிட்னு ஒரு கம்பெனி இருந்துச்சு, பெட்ஷீட்டுக்கு அடியில போடுற மெல்லிசு பட்டை, நல்ல சாமான்தான். 2017-ல ஆப்பிள் வாங்குனாங்க, 2018-ல அவங்களே ஒரு மாடல் விட்டாங்க, 2022-ல விக்கிறதயே நிறுத்திட்டாங்க. ஆப்பிளே கைய விட்ட சாமான் இது, அப்ப பேர் தெரியாத கம்பெனி ஆப்ப நம்பி எத்தன வருஷம் ஓட்டுவீங்கன்னு யோசிச்சுக்கோங்க.

கடைசியா, எனக்கு எல்லாத்தையும் விட பெருசா படுறது: சென்சார் அடிச்சா யாரு எழுந்திருப்பா? சென்சார் யாரையும் திருப்பிப் போடாது. எழுந்திருக்க ஆளில்லாத வீட்டுல சென்சாருங்கிறது கவலைய கிராஃபா போட்டுக் காட்டுற மெஷின். எழுந்திருக்க ஒரே ஆளு இருக்கிற வீட்டுல, அந்த ஆளோட தூக்கத்த மிச்சம் பண்ணுதா இல்ல கெடுக்குதாங்கிறதுதான் கணக்கு. நான் ஒவ்வொண்ணையும் எடைபோட்டது இந்தத் தராசுலதான்.

| ஆப்ஷன் | எழுந்துட்டாரா | அசைஞ்சாரா | எந்தப் பக்கம் | எங்க அழுத்தம் | கண்ணுக்குத் தெரியாத செலவு |
|---|---|---|---|---|---|
| போன் அலாரம், நோட்டு | இல்ல | இல்ல | எழுதி வச்சா உண்டு | இல்ல | பாத்துக்கிறவங்க தூக்கம் |
| மெத்தைக்கு அடியில பட்டை | லேட்டா சொல்லும் | நல்லாவே | இல்ல | இல்ல | ஆப், சந்தா, க்ளவுட் |
| கட்டில் காலுக்கு எடை சென்சார் | உடனே | நல்லாவே | பாதி | இல்ல | உங்க ஞாயித்துக்கிழமைகள் |
| அழுத்தம் காட்டுற விரிப்பு | உடனே | நல்லாவே | ஆமா | ஓரளவு | விலை, சூடு, துவைக்க முடியாது |
| எழுந்தா கத்துற பேட் | உடனே | இல்ல | இல்ல | இல்ல | வீணா அடிக்கிற அலாரம், பேட் மாத்துறது |
| நெஞ்சுல ஒட்டுற சென்சார் | ஓரளவு | ஆமா | துல்லியமா | இல்ல | அரிப்பு, சார்ஜ், பிச்சு எறியுறது |
| ரேடார் | ஓரளவு | ஓரளவு | இல்ல | இல்ல | ஃபேன் |
| கேமரா | ஆமா | ஆமா | போர்வை இல்லனா | இல்ல | மானம் |

## போன் அலாரமும் ஒரு நோட்டும்

சிரிக்காதீங்க, இதுவும் ஒரு ஆப்ஷன்தான், மத்த எல்லாத்தையும் இதோட ஒப்பிட்டுத்தான் பாக்கணும். ஆஸ்பத்திரிலேர்ந்து டிஸ்சார்ஜ் ஆனப்ப நர்ஸம்மா சொன்னது ரெண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவ திருப்பிப் போடுங்க, இடது, மல்லாக்க, வலதுன்னு. ஒருக்களிக்கிறப்ப முழுசா பக்கவாட்டுல சாய்க்காம, முதுகுக்கு தலகாணி முட்டுக் குடுத்து 30 டிகிரி அளவுக்கு சாய்ச்சா போதும், இல்லனா இடுப்பெலும்பு குத்துற எடத்துல மொத்த பாரமும் எறங்கும். நோட்டுல மணி, பக்கம், யாரு திருப்பினது. செலவு பத்து ரூபா நோட்டு.

ஆனா அம்மாவுக்கு 66 வயசு. 10, 12, 2, 4, 6-னு அஞ்சு அலாரம். மூணு மாசத்துல பிபி ஏறிப்போச்சு, ஒரு நாள் காலைல அடுப்புல பால வச்சுட்டு நின்னுகிட்டே தூங்கிட்டாங்க. மறைமுக செலவுன்னா இதுதான், எந்த பில்லுலயும் வராது.

இங்க ஒரு விஷயம் தெரிஞ்சுக்கோங்க, அந்த ரெண்டு மணி நேரம் கல்லுல வெட்டுன எழுத்து இல்ல. அமெரிக்காவுலயும் கனடாவுலயும் முதியோர் இல்லங்கள்ல 900 பேருக்கு மேல வச்சு ஒரு ஆய்வு பண்ணி 2013-ல வெளியிட்டாங்க, 2 மணி நேரத்துக்கு ஒரு தடவ, 3, 4-னு மூணு குழு, புண்ணு வர்றதுல பெரிய வித்தியாசம் இல்ல. ஆனா அவங்க எல்லாரும் படுத்திருந்தது அடர்த்தியான ஃபோம் மெத்தைல, கூட நர்ஸுங்க தோல பாத்துகிட்டே இருந்தாங்க. இத படிச்சுட்டு தென்னநார் மெத்தைல படுத்திருக்கவர நாலு மணி நேரம் விட்றாதீங்க. நல்ல மெத்தை வாங்குனா இடைவெளிய நீட்ட முடியுமான்னு உங்க டாக்டர்கிட்ட கேக்கலாம், அவ்வளவுதான். என்னக் கேட்டா சென்சாருக்கு வச்சிருக்க காச முதல்ல மெத்தைக்குப் போடுங்கம்பேன்.

## மெத்தைக்கு அடியில வைக்கிற பட்டை

எல்லாரும் மொதல்ல பாக்குறது இதுதான், நானும் மொதல்ல வாங்குனது இதுதான். விதிங்ஸ் பண்றது காத்து நெரப்புன பட்டை, பின்லாந்து எம்ஃபிட் ஒருவித மின்னேற்ற ஃபிலிம், நம்ம பெங்களூரு டோஸி 2015-ல ஆரம்பிச்ச கம்பெனி, அவங்களோடது மெத்தைக்கு அடியில போடுற ஷீட், கொரோனா சமயத்துல நெறைய ஆஸ்பத்திரில போட்டாங்க.

வேலை செய்யுற விதம் அழகானது. இதயம் ஒவ்வொரு தடவ ரத்தத்தத் தள்ளுறப்பவும் உடம்பு துளி எதிர்ப்பக்கம் உதைபடும், துப்பாக்கி சுட்டா தோள்ல உதைக்கும்ல அந்த மாதிரி. 1877-லயே கோர்டன்னு ஒருத்தர் தராசுல நின்னா முள்ளு நாடித் துடிப்போட சேந்து ஆடுறத பாத்து எழுதி வச்சாரு, அப்புறம் பென்சில்வேனியால ஐசக் ஸ்டார்ங்கிற டாக்டர் அதுக்குன்னே தொங்குற படுக்கை செஞ்சு அளந்தாரு. அந்த உதைப்பு, மூச்சு ஏறி எறங்குறது, அதுக்கு மேல பெரிய அலையா உடம்பு அசையுறது, மூணையும் இந்தப் பட்டை மெத்தைக்கு அடியிலேர்ந்தே புடிச்சுடும். தோலத் தொடாது, துவைக்க வேணாம், ஒரு தடவ வச்சா மறந்துடலாம். இந்த விஷயத்துல இத அடிச்சுக்க வேற ஆளே இல்ல.

ஆனா எந்தப் பக்கம் படுத்திருக்காருன்னு சொல்லாது. நான் வாங்கின கம்பெனி விளம்பரத்துல ஒரு ஆளு ஒருக்களிச்சு படுத்திருக்க படம் போட்டிருந்தான், அத பாத்து சொல்லும்னு நெனச்சுட்டேன், வாங்கி மூணு நாள் ஆப்ல தேடினேன், அப்படி ஒரு விஷயமே அதுல இல்ல. தூக்கத்துக்கு மார்க் போட்டுச்சு. பக்கவாதம் வந்து படுத்திருக்க மனுஷனுக்கு "இன்னைக்கு 84, வாழ்த்துக்கள்"னு. அம்மா கேட்டாங்க, யாருக்கு வாழ்த்து சொல்றான், உங்கப்பாவுக்கா எனக்கான்னு.

இன்னொண்ணு, அப்பாவுக்கு டாக்டர் ஏர் பெட் போடச் சொன்னாரு, மோட்டார் வச்சு பைய மாத்தி மாத்தி காத்தடிக்குமே அது. அந்த மோட்டார் அதிர்வும் பை ஏறி எறங்குறதும் சேந்து பட்டைக்கு ஒரே திருவிழா, யாரும் படுக்காத கட்டில்ல கூட ஆளிருக்குன்னு சொல்லுச்சு. ஏர் பெட் போட்டிருக்கவங்க இந்த ஆப்ஷன யோசிக்கவே வேணாம். பக்கத்துல வேற ஆளு படுத்தாலும் ரெண்டு பேர் அசைவும் கலக்கும், ஸ்பிரிங் மெத்தைன்னா இன்னும் மோசம்.

இது யாருக்கு நல்லதுன்னா தனியா படுக்குற, ஓரளவு நடமாடுற பெரியவங்களுக்கு. நாள் கணக்குல இல்ல, மாசக் கணக்குல பாக்குறதுக்கு. ராத்திரி மூச்சு வேகம் மெல்ல ஏறுது, எழுந்திருக்குறது கூடிகிட்டே போவுதுன்னா டாக்டர்கிட்ட போறதுக்கு ஒரு காரணம் கெடைக்கும். அவசர அலாரமா நம்பாதீங்க, எழுந்து போனத சில நிமிஷம் கழிச்சுதான் சொல்லும், அதுக்குள்ள ஆளு பாத்ரூம் வாசல்ல நிப்பாரு.

## கட்டில் காலுக்கு அடியில எடை சென்சார்

இது என் செல்லப்புள்ள, அதனால கொஞ்சம் ஓரவஞ்சனையாத்தான் எழுதுவேன், பாத்துப் படிங்க.

பாத்ரூம் தராசுக்குள்ள இருக்கும்ல, கைல அடங்குற சின்ன லோட் செல், எடைய மின் சிக்னலா மாத்துறது, அத ஒவ்வொரு காலுக்கும் ஒண்ணு வச்சு, அந்த சிக்னல எண்ணா மாத்துற எச்எக்ஸ்711-ன்னு ஒரு சின்ன போர்டு வழியா இஎஸ்பி32-ங்கிற வைஃபை உள்ள குட்டி கம்ப்யூட்டர் போர்டுல படிக்கிறது. சாமான் எல்லாம் சேத்து எனக்கு ரெண்டாயிரத்துக்குள்ள முடிஞ்சுது. மொத்த எடை குறைஞ்சா எழுந்துட்டாரு. நாலு கால் எடையும் தனித்தனியா தெரிஞ்சா பாரத்தோட மையம் எங்க இருக்குன்னு கணக்கு போடலாம், இடது பக்கம் புரண்டா மையம் சில சென்டிமீட்டர் இடது பக்கம் நகரும். கயித்துக் கட்டிலோ தேக்குக் கட்டிலோ, ஏர் பெட்டோ இலவம்பஞ்சோ, அதுக்குக் கவலையே இல்ல, எல்லாத்துக்கும் கீழ உக்காந்திருக்கு. தோலத் தொடாது. வைஃபை போனாலும் பஸ்ஸர நேரா இஎஸ்பி32-லயே மாட்டிட்டா கத்தும்.

இதுல எல்லாரும் விழுற குழி ஒண்ணு இருக்கு. இன்டர்நெட்ல பாக்குற முக்காவாசி சர்க்யூட் படம் நாலு செல்லையும் ஒண்ணா சேத்து ஒரே போர்டுல குடுக்குறது, தராசுக்கு அது சரி. ஆனா அப்படி இணைச்சா மொத்த எடை மட்டும்தான் வரும், மையம் கெடைக்கவே கெடைக்காது. காலுக்கு ஒரு போர்டு, மூணு வயர் செல்லுன்னா கூட ரெண்டு ஒரே அளவு ரெசிஸ்டர் போட்டு பிரிட்ஜ, அதாவது அளக்குற சர்க்யூட்ட முழுசாக்கணும். நான் இத கண்டுபுடிக்க ஒரு தீபாவளி லீவு முழுசா போச்சு.

ரெண்டாவது குழி எடை. 50 கிலோ செல் நாலு, மொத்தம் 200 கிலோ, போதும்னு தோணும். கட்டில் ஒரு 70, மெத்தை, அப்பா, எல்லாம் சேந்து நூத்தம்பதத் தாண்டல. ஆனா பாக்க வர்ற சொந்தக்காரங்க எங்க உக்காருவாங்க? கட்டில்லதான். எங்க சித்தப்பாவும் அவர் பையனும் ஒரே ஓரத்துல உக்காந்து காப்பி குடிச்சாங்க, அந்தப் பக்கத்து கால் செல் வளைஞ்சே போச்சு. இப்ப 200 கிலோ செல் நாலு போட்டிருக்கேன், துல்லியம் கொஞ்சம் கம்மி, நிம்மதி அதிகம்.

இதால முடியாததையும் சொல்லிடணும். படுத்த எடத்துலயே மல்லாக்கலேர்ந்து 30 டிகிரி சாய்ச்சா மையம் அவ்வளவா நகராது, அதனால எந்தப் பக்கம்ங்கிறதுக்கு பதில் பாதிதான். ஆனா ஒண்ண தற்செயலா கவனிச்சேன்: அம்மா அப்பாவ திருப்புறப்ப முட்டிய கட்டில்ல ஊணுவாங்க, அப்ப மொத்த எடை திடீர்னு 20, 30 கிலோ ஏறி எறங்கும். அப்பா தானா அசைஞ்சா மொத்தம் ஏறவே ஏறாது, மையம் மட்டும் நகரும். ஆக "திருப்பியாச்சு"ங்கிறது இதுல தானா பதிவாகுது, நோட்டு எழுத வேணாம். யூரின் பை கட்டில்லயே தொங்குறதால அது நெறைஞ்சாலும் மொத்த எடை மாறாது, ஆரம்பத்துல அத வச்சு அளக்கலாம்னு நெனச்சு ஏமாந்தேன்.

அம்மாவோட தூக்கத்துக்கு வர்றேன். இப்ப ரெண்டு மணிக்கு அலாரம் அடிக்கிறது கிடையாது. கடைசியா அப்பா பாரம் நல்லா எடம் மாறினதுலேர்ந்து ரெண்டு மணி நேரம் ஆச்சுன்னாதான் அடிக்கும். அவரே 1:40-க்கு கொஞ்சம் புரண்டுட்டாருன்னா அடுத்தது 3:40. அஞ்சு அலாரம் சராசரியா மூணாச்சு. கொறஞ்ச அந்த ரெண்டுதான் இத்தன சால்டரிங்குக்கும் கெடச்ச சம்பளம்.

அதுலயும் ஒரு ஜாக்கிரதை வேணும். அப்பாவுக்கு வலது கை நல்லா இருக்கு, ராத்திரில கைய தூக்கி தலைக்கு மேல வைப்பாரு, போர்வைய இழுப்பாரு. சென்சாருக்கு அது அசைவு. ஆனா இடுப்புக்குக் கீழ அழுந்துற எடம் அப்படியேதான் இருக்கு. அசைவும் பாரம் எறங்குறதும் ஒண்ணில்ல. அதனால மையம் ஒரு அளவுக்கு மேல நகந்து, அஞ்சு நிமிஷமாவது அங்கயே நின்னாத்தான் கணக்குல எடுக்குறேன். அப்படியும் காலைல முதுகயும் குதிகாலயும் கண்ணால பாக்குறத விடல. செவந்த எடத்த வெரலால அழுத்தி எடுத்தா வெளுக்கணும், வெளுக்காம செவப்பாவே நின்னா புண்ணு ஆரம்பிச்சாச்சுன்னு அர்த்தம். நம்ம கருத்த தோலுக்கு செவப்பு சரியா தெரியாது, அங்க சூடா இருக்கா, கெட்டியா இருக்கான்னு தொட்டுத்தான் பாக்கணும்.

சால்டரிங் வராதுன்னா இந்த ஆப்ஷன் உங்களுக்கு இல்ல. தெரிஞ்ச பையன விட்டு செஞ்சு வாங்குனா அவன் வேலை கெடச்சு சென்னைக்குப் போனதும் யாரும் பழுது பாக்க மாட்டாங்க.

## அழுத்தம் காட்டுற விரிப்பு

படத்துல பாத்தா மயங்கிடுவோம், உடம்பு வடிவத்துல நீலம், மஞ்சள், சிவப்புன்னு. எக்ஸ்சென்சர், டெக்ஸ்கேன் மாதிரி கம்பெனிங்க ஆஸ்பத்திரிக்கும் மெத்தை பேக்டரிக்கும் பண்றது, ஆயிரக்கணக்குல புள்ளிங்க, விலை நம்ம வீட்டுக்கானது இல்ல. இது மட்டும்தான் நாலாவது கேள்விக்கு நேரா பதில் சொல்றது.

வீட்டுல செய்யுறவங்க வெலோஸ்டாட்னு, அழுத்துனா மின்தடை மாறுற கறுப்பு பிளாஸ்டிக் ஷீட் வாங்கி, மேல கீழ செப்பு டேப்ப வரிசையா ஒட்டி பண்ணுவாங்க. நானும் பண்ணேன், 16-க்கு 16, 256 புள்ளி. ஆறடிக்கு மூணடி கட்டில்ல ஒரு புள்ளி கிட்டத்தட்ட 11-க்கு 6 சென்டிமீட்டர். மல்லாக்கவா ஒருக்களிச்சான்னு கண்ணாலயே சொல்லிடலாம், சூப்பர். ஆனா குதிகாலு ஒரு புள்ளிக்குள்ளயே காணாம போயிடும், புண்ணு மொதல்ல வர்ற எடங்கள்ல அது ஒண்ணு. அழுத்தி விட்ட எடம் பழைய அளவுக்கு உடனே திரும்பாது, நேரம் ஆக ஆக எண்ணும் தானா ஏறும். தந்துகிக் குழாய்ல ரத்தம் நிக்கிற அழுத்தம்னு 32 மில்லிமீட்டர் பாதரசம்னு ஒரு எண் எல்லா எடத்துலயும் சொல்லுவாங்க, 1930-ல லாண்டிஸ் வெரல் நகத்தோரத்துல அளந்ததுலேர்ந்து வந்தது, அத வச்சு அலாரம் போடலாம்னு கெளம்பிடாதீங்க, நம்ம செப்பு டேப்பு மில்லிமீட்டர் பாதரசம் எல்லாம் சொல்லாது, இங்க அதிகம் அங்க கம்மின்னுதான் சொல்லும்.

நான் ஒன்பது நாள்ல எடுத்துட்டேன். வேர்வை. பத்தாவது நாள் விட்டிருந்தா என்ன ஆயிருக்கும்னு நெனைக்கவே புடிக்கல. சக்கர நாற்காலில உக்காரவங்களுக்கு குஷன் தேர்ந்தெடுக்க, புண்ணு வந்து ஆறி திரும்ப வர்றவங்களுக்கு மெத்தை தேர்ந்தெடுக்க, பெரிய ரீஹேப் சென்டர்ல இத ஒரு தடவ வச்சு பாத்துட்டு வர்றது நல்ல யோசனை. தினமும் கீழ போட்டுப் படுக்க வேணாம்.

## எழுந்தா கத்துற பேட்

ரெண்டு உலோக ஷீட், நடுவுல ஓட்டை போட்ட ஸ்பான்ஞ்ச், ஆளு எழுந்தா தொடர்பு விட்டுப்போயி கத்தும். அவ்வளவுதான். விலை கம்மி, ஆப் இல்ல, சந்தா இல்ல, பேட்டரில ஓடும்.

பேட்டுக்கு ஆயுசு உண்டு, ஒரு வருஷப் பேட், 45 நாள் பேட்னே விப்பாங்க, அத பாக்காம வாங்கிட்டு வேலை செய்யலன்னு திட்டுறோம். பெரிய விஷயம் வேற: அமெரிக்காவுல ஒரு ஆஸ்பத்திரில 16 வார்டுல பண்ண ஆய்வு 2012-ல வந்துச்சு, கட்டில் அலாரம் அதிகம் போட்டதால விழுறது குறையல. அலாரம் அடிக்கிறப்ப ஆளு எழுந்தாச்சு, ஓடி வர்றதுக்குள்ள விழுந்தாச்சு, பத்துல ஒம்போது தடவ வீணா அடிச்சா ஓடி வர்றதும் நின்னுடும். வீட்டுல பக்கத்து ரூம்லயே ஆளு படுத்திருந்தா கதை வேற. மாடில படுத்திருக்க மகனுக்கு வேலைக்காகாது. சத்தம் கட்டில்லேர்ந்து வராம பாத்துக்கிறவங்க ரூம்ல வர்ற மாதிரி வயர்லெஸ் மாடலா வாங்குங்க, மறதி நோய் இருக்கவங்க காதுகிட்ட திடீர்னு கத்தினா பயந்து அப்பத்தான் விழுவாங்க.

## உடம்புல ஒட்டுற சென்சார்

எந்தப் பக்கம்ங்கிற ஒரே கேள்விக்கு விலைக்கேத்த பதில் இதுதான். நெஞ்சுல ஒரு ஆக்சிலரோமீட்டர், அதாவது சாய்வையும் அசைவையும் அளக்குற சின்ன சிப், இருந்தா பூமி இழுக்குற திசை அதுக்குத் தெரியும், மல்லாக்க, குப்புற, இடது, வலது எல்லாம் டிகிரி கணக்குல வரும். கைல கட்டுற வாட்ச்ல இது வராது, கை ஒரு பக்கம் உடம்பு ஒரு பக்கம் இருக்கும்ல. ஸ்டான்ஃபோர்டு ஐசியூவுல 1312 பேர வச்சு 2018-ல வெளியான ஆய்வுல, நெஞ்சு சென்சார் பாத்து திருப்பின குழுவுல நேரத்துக்கு திருப்புறதும் அதிகம், புண்ணும் கம்மி. ஆனா அங்க ஷிஃப்ட் போட்டு நர்ஸுங்க இருந்தாங்க. சென்சார் மட்டும் இருந்து அம்மா மட்டும் இருந்தா அதே பலன் வருமான்னு கேட்டா, நான் எதிர்பாக்க மாட்டேன்.

ஸ்டிக்கர் ஒட்டினா நம்ம வெயிலுக்கு ரெண்டு நாள்ல அரிப்பு. பனியன்ல சின்ன பை தச்சு உள்ள போட்டா கொஞ்சம் தேவல. மறதி நோய் இருக்கவங்க பிச்சு வீசிடுவாங்க, வாயில போட்டுக்கிட்டாலும் போச்சு, பட்டன் பேட்டரி உள்ள இருக்குறத நிச்சயமா குடுக்காதீங்க.

## ரேடாரும் கேமராவும்

சீக்கிரம் முடிச்சுடுறேன். கூகுள் 2021-ல விட்ட, மேசைல வைக்கிற நெஸ்ட் ஹப் ஸ்கிரீன்ல 60 ஜிகாஹெர்ட்ஸ் ரேடார் வச்சு தூக்கம் பாத்துச்சு, இப்ப சில நூறு ரூபாய்க்கு எல்டி2410-னு 24 ஜிகாஹெர்ட்ஸ் போர்டே கெடைக்குது. ஆளில்லாத ரூம்ல ஃபேன் ஓடுனாலே ஆளிருக்குங்குது. ஃபேன நிறுத்துனா அப்பா எங்கள மன்னிக்க மாட்டாரு. ஃபேன் ரேடாரோட பார்வைல படாத மாதிரி கோணம் வச்சு சமாளிக்கலாம், ஆனா எந்தப் பக்கம் படுத்திருக்காருன்னு அதுக்குத் தெரியாது.

கேமரா எல்லாம் சொல்லும், போர்வை போத்தாத வரைக்கும், கொசுவலைல இன்ஃப்ராரெட் பட்டு வெள்ளையா பூக்காத வரைக்கும். ஆனா டயபர் மாத்துற, ஒடம்பு தொடைச்சு விடுற ரூம் அது. அப்பாவுக்குப் பேச்சு போயிடுச்சு, வேணாம்னு சொல்ல முடியாது, அதனால சம்மதம்னு எடுத்துக்க என்னால முடியல.

## சரி, யாருக்கு எது

கோயம்புத்தூர் அக்கா: வயர்லெஸ் பேட், அலாரம் உங்க ரூம்ல. கூடவே வாசக்கதவுல காந்த சென்சார் ஒண்ணு, அது கட்டில் சென்சார விட விலை கம்மி, உங்க பயம் கதவத் தாண்டுறதுதானே. கட்டில்லேர்ந்து பாத்ரூம் வரைக்கும் ஒரு சின்ன லைட் எரியட்டும்.

பார்க்கின்சன் அப்பா: வாங்காதீங்க, ஒரு வாரத்துக்கு பனியன் பைல ஆக்சிலரோமீட்டர் போடுங்க, செஞ்சு தர ஆளிருந்தா. மல்லாக்கவே எத்தன மணி நேரம், எத்தன தடவ புரண்டாரு, எந்த மாத்திரை எத்தன மணிக்கு, இது மூணையும் ஒரே தாள்ல எழுதி டாக்டர்கிட்ட காட்டுனா ராத்திரி மாத்திரைய யோசிக்க அவருக்கு உதவும். கட்டில்ல படுக்குறாருன்னா பட்டு மாதிரி வழுக்குற பெட்ஷீட் இடுப்பளவுக்கு விரிச்சுப் பாருங்க, புரள்றதுக்கே அது ஒத்தாசை.

குறட்டை அண்ணன்: நீங்கதான் எதுவும் வாங்க வேணாம். மல்லாக்க படுத்தா மட்டும் மூச்சு நிக்கிறது நெறைய பேருக்கு உண்டு, 1984-லேயே கார்ட்ரைட்னு ஒரு அம்மா இத தனி வகையா பிரிச்சு எழுதியிருக்காங்க. வீட்டுக்கே குடுத்து விடுற தூக்க டெஸ்ட்ல நெஞ்சு பெல்ட், மூக்குல காத்து, வெரல்ல ஆக்சிஜன், கூட பொசிஷன் சென்சாரும் பல மெஷின்ல உண்டு, ஒரே ராத்திரில எல்லாம் தெரிஞ்சுடும். மெத்தைப் பட்டை வாங்குற காசுக்குப் பக்கத்துலதான் வரும். அதுவரைக்கும் முதுகுல டென்னிஸ் பால் தச்ச பனியன் போட்டுப் பாக்கலாம், அண்ணிக்கு சிரிப்பு வரும், பரவால்ல.

துபாய் தம்பி, உங்களுக்குத்தான் ரொம்ப நேரம் யோசிச்சேன். அங்கேருந்து போன்ல பாத்தா என்ன பண்ணுவீங்க? ரெண்டு மணிக்கு அப்பா திரும்பலன்னு தெரியும், அம்மாவுக்கு போன் அடிப்பீங்க, அம்மா எழுந்திருப்பாங்க. ஆக நீங்க ஒரு வெல கூடுன அலாரம். சென்சாருக்குன்னு வச்சிருக்க காசுல முதல்ல நல்ல ஃபோம் மெத்தையோ ஏர் பெட்டோ டாக்டர்கிட்ட கேட்டு வாங்கிப் போடுங்க. மிச்சத்துல வாரத்துக்கு ரெண்டு ராத்திரி ஆயா ஒருத்தர வச்சு அம்மாவ தூங்க விடுங்க. அதுக்கப்புறமும் காசு இருந்தா சொல்லுங்க, கட்டில் கால் சர்க்யூட் படமும் கோடும் அனுப்புறேன், காலுக்கு தனித்தனி போர்டு, மறந்துடாதீங்க.